இறைநம்பிக்கையை உடலுக்கும் மனத்துக்கும் துணையாக்கிக்கொள்வது எப்படி?

இங்கே சொல்லப்படுபவை ஏற்கெனவே இறைநம்பிக்கை உள்ளவர்களுக்கானவை. இரத்த அழுத்தம் குறையும் என்பதற்காக ஒருவர் புதிதாகக் கடவுளை நம்பத் தொடங்க முடியாது. தொடங்கினாலும் அது நீடிக்காது. ஆனால் அன்றாடம் செய்துவரும் வழிபாட்டையே சற்றுக் கவனத்தோடு செய்பவருக்கு, அந்த வழிபாட்டின் பலன் உடலிலும் தெரியத் தொடங்கும்.

முதலில் மூச்சைக் கவனியுங்கள். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரிடம் நடத்தி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் பௌத்த மந்திரத்தைச் செபித்தபோதும் மூச்சின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைந்தது. மரபுகள் இரண்டு, மொழிகள் இரண்டு, ஆனால் மூச்சின் கணக்கு ஒன்றுதான். ஒரு வரியை நிதானமாக உச்சரிக்க வேண்டுமானால் வெளிமூச்சு நீளவேண்டும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது.

ஆகவே, நீங்கள் வழக்கமாகச் சொல்லும் செபத்திலிருந்து ஒரே வெளிமூச்சில் முடியக்கூடிய ஒரு வரியைத் தேர்ந்துகொண்டு, அதை முணுமுணுக்கும் குரலில் சொல்லுங்கள். வரி முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல், மூச்சு தானாக உள்ளே வரும்வரை பொறுத்திருங்கள். மாலை உருட்டுபவர்கள் மணிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டு, மூச்சு உள்ளே நிறைந்த பிறகே விரலை அடுத்த மணிக்கு நகர்த்தலாம். ஒரு மணிக்குப் பத்து வினாடி என்றால் 30 மணிகளுக்கு 5 நிமிடம் ஆகும். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் 108 மணிகளை ஓட்டுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. இடையில் மனம் அலைந்தால் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், விட்ட வரிக்குத் திரும்பினால் போதும். தலை சுற்றினால் மட்டும் இயல்பாக மூச்சுவிட்டு ஓய்வெடுங்கள்.

தனி வழிபாட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் 74,534 பெண் செவிலியரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூட்டு வழிபாட்டுக்குச் சென்றவர்களின் இறப்பு விகிதம், அறவே செல்லாதவர்களுடையதைவிட 33 சதவீதம் குறைவாக இருந்ததாகக் காட்டியது. வழிபாடுதான் ஆயுளைக் கூட்டியது என்று இதைவைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. இருந்தாலும், பிறருடைய ஆதரவும், புகைப்பழக்கம் குறைவாக இருப்பதும், மனச்சோர்வு குறைவதும் அதற்குப் பகுதிக் காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. எனவே கூட்டம் கலைந்ததும் முதல் ஆளாக வெளியேறாமல் பத்து நிமிடம் நின்று நாலு பேருடன் பேசுங்கள். விளக்கைத் துடைப்பதோ பாய் விரிப்பதோ, சிறியதாக ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால், “ஏன் வரவில்லை?” என்று கேட்க ஓர் ஆளாவது இருக்கவேண்டும்.

நம்பிக்கை சில வேளைகளில் சுமையாகவும் மாறும், இதைப் பலரும் வெளியே சொல்வதில்லை. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் அவருடைய குழுவினரும் 55 வயதைக் கடந்த நோயாளிகளைப் பற்றி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்’ என்ற எண்ணத்தோடு போராடியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்த எண்ணம் உங்களுக்கு வந்தால் அதைப் பாவமென்று உள்ளே புதைக்காமல், இறைவனிடமே முறையிடுங்கள். தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கும் சமயப் பெரியவர் ஒருவரிடமும் பேசுங்கள். தூக்கமின்மையும் எதிலும் நாட்டமில்லாத நிலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றே செல்லவேண்டும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். இதய அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், முன்பின் அறியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. ‘இவ்வளவு பிரார்த்தனை செய்யும் அளவுக்கு என் நிலை மோசமா?’ என்ற கலக்கம் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். பிரார்த்தனை செய்யுங்கள், அத்தோடு மருந்தும் வாங்கிக்கொடுங்கள். ‘கடவுள் சோதிக்கிறார்’ என்று மட்டும் படுக்கையருகே நின்று சொல்லாதீர்கள்.

நோன்பைப் பொறுத்தவரை, இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது நடுக்கமோ வியர்வையோ தோன்றினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் (mg/dL) கீழே இறங்கியிருந்தால், முடிக்கும் நேரத்துக்குக் காத்திராமல் அப்போதே நோன்பை முடித்துக்கொண்டு இனிப்பாக ஏதாவது அருந்துங்கள்.