புது மெயில் ஐடி எடுத்தாச்சா? பழைய ஐடியிலிருந்தே சொல்லுங்கள்

மெயில் ஐடி மாறியதும் பலர் புது ஐடியிலிருந்து எல்லோருக்கும் "இனி இதில் எழுதுங்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தெரிந்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு தெரியாத முகவரியிலிருந்து மெயில் வந்தால் நம்பக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மோசடி செய்கிறவர்களும் அச்சு அசலாக இதே வரியைத்தான் எழுதுகிறார்கள். அதனால் செய்தி பழைய ஐடியிலிருந்தே போக வேண்டும். பழையது கைவிட்டுப் போயிருந்தால் போன் செய்தோ வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டோ சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன் பழைய ஐடியிலிருந்து புதியதற்கு ஒரு மெயில் போட்டு, அங்கிருந்து பதிலும் அனுப்பிப் பாருங்கள். முகவரியைக் கையால் தட்டாமல் காப்பி பண்ணி ஒட்டுங்கள், ஏனென்றால் ஓர் எழுத்து மாறினாலும் உங்கள் கடிதமெல்லாம் வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

இப்போது முக்கியமான விஷயம், பிசிசி, அதாவது வேறு யாருக்கெல்லாம் மெயில் போகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் அனுப்பும் இடம். 'டு' என்ற இடத்தில் உங்கள் முகவரியை மட்டும் போட்டு, மற்ற எல்லோரையும் பிசிசியில் போடுங்கள். டு, சிசி (நகல் அனுப்பும் இடம்) இரண்டில் எதில் போட்டாலும் ஒருவர் முகவரி எல்லோர் கண்ணிலும் படும். அவர்களிடம் கேட்காமல் அதைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அப்புறம் யாராவது ஒருவர் ரிப்ளை ஆல் அழுத்தி "சரி" என்று எழுத, அது அத்தனை பேர் இன்பாக்ஸிலும் போய் விழும். ஜிமெயிலில் ஒரே மெயிலை 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, ஆள் அதிகம் என்றால் பிரித்து அனுப்புங்கள்.

எழுதுவது சுருக்கமாக இருக்கட்டும். தலைப்பிலேயே உங்கள் பெயர் வரட்டும். உள்ளே இப்படி எழுதலாம்: "என் மெயில் முகவரி மாறியிருக்கிறது. புது முகவரி கீழே இருக்கிறது. பழையதை இந்த வருடக் கடைசி வரை பார்ப்பேன். சந்தேகம் இருந்தால் எனக்கு போன் செய்து கேளுங்கள்." லிங்க் எதுவும் வேண்டாம், ஃபைல் எதையும் இணைக்கவும் வேண்டாம்; இரண்டும் சந்தேகத்தைக் கிளப்பும்.

எத்தனை முறை சொன்னாலும் சிலர் பழைய ஐடிக்குத்தான் எழுதுவார்கள். அதற்குத்தான் ஃபார்வர்டிங், பழைய ஐடிக்கு வரும் மெயிலைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் வசதி. ஜிமெயிலில் செட்டிங்ஸ் போய் ஃபார்வர்டிங் பகுதியில் புது முகவரியைச் சேர்த்தால், அங்கே ஓர் உறுதிப்படுத்தும் மெயில் வரும், அதை ஒப்புக்கொண்ட பிறகு பழைய ஐடியின் செட்டிங்ஸிலேயே ஃபார்வர்டிங்கை ஆன் செய்துவிட்டால் போதும். ஆனால் இனி வரும் மெயில்தான் போகும், ஸ்பேமில் விழுந்தது போகாது, ஆகவே பழைய ஸ்பேம் பெட்டியை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். ஃபார்வர்டாகி வந்த மெயிலுக்குப் புது ஐடியிலிருந்தே பதில் எழுதுங்கள், பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் பழகிக்கொள்வார்கள்.

பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். பேங்க், வரி, இன்சூரன்ஸ், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டு மீட்பு எல்லாம் அதில்தான் கட்டிப் போட்டிருக்கும், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சும்மா விட்டுவிடுவதும் ஆபத்து. 2013இல் யாஹூ, நீண்ட நாள் பயன்படுத்தாத ஐடிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழைய சொந்தக்காரர்களுக்கு வந்த மெயில்கள் புதியவர்கள் கைக்குப் போயின. கூகுளோ 2 வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. ஆகவே சில மாதத்துக்கு ஒரு முறையாவது பழைய ஐடிக்குள் போய் வாருங்கள், இன்னும் யார் அங்கே எழுதுகிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள்.