மழையை எட்டரைக்கு அளங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து மாணவர்களை வைத்து மழை அளக்கப் போகிறீர்கள் என்றால், எல்லோரும் காலை 8.30 மணிக்கே அளந்து, அதை முந்தைய 24 மணி நேர மழையாக எழுதி வையுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக்கணக்கு அந்த நேரத்தில்தான் முடிகிறது, அதனால் உங்கள் அளவுகளை ஒன்றோடொன்றும் துறை வெளியிடும் அளவோடும் நேராக ஒப்பிடலாம், அப்புறம் உட்கார்ந்து திருத்தும் வேலை இல்லை. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் கொட்டி அந்தப் பக்கம் சொட்டுகூட விழாத கோடை மழைதான் நல்ல பாடம், அன்று காரணத்தை மாணவர்களே முதலில் எழுதட்டும், அந்தத் தாள்களைப் பள்ளிகள் மாற்றிப் படித்தால் பிள்ளைகள் எங்கே குழம்புகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குப் பளிச்சென்று தெரியும்.

கருவி வாங்க வேண்டாம். அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்கிற அகலமான டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் பாருங்கள். ஸ்கேலில் பூஜ்ஜியம் பெரும்பாலும் நுனியிலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கும், அந்த இடைவெளியையும் அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மழை எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்று பார்க்க இது உதவாது. லேசான தூறலுக்கும் சரிவராது, அளப்பதற்குள் வெயிலில் காய்ந்துவிடும்.