எந்த ஈயம்? மின்னணுக் கருவி செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன அளவில் ஆம்ப்ளிஃபயரோ எல்இடி விளக்கோ செய்பவர்களிடம் மின்னணுக் கருவிகளில் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஆர்ஓஎச்எஸ் (RoHS) விதியைப் பற்றிப் பேசினால், "ஈயம்தானே? எங்க அப்பத்தா ஈயச்சொம்புலதான் ரசம் வச்சாங்க" என்று பதில் வருவதுண்டு. முதல் தவறு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ரசச் சொம்பு வெள்ளீயம். பாகங்களைப் பற்றவைக்கும் பழைய 60/40 சால்டர் கம்பியிலோ 60 பங்கு வெள்ளீயம், மீதி 40 பங்கு காரீயம். சட்டம் கட்டுப்படுத்துவது இந்தக் காரீயத்தைத்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடு 2014 மே 1 முதல் இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளவை 2023 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள். காரீயம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்), பிபிபி, பிபிடிஇ என்ற இரண்டு வகை புரோமின் தீத்தடுப்பிகள் ஆகிய ஐந்துக்கும் வரம்பு 0.1 சதவீதம். காட்மியத்துக்கு மட்டும் 0.01. சில பாகங்களுக்கு விலக்கும் உண்டு.

சரி, எதில் 0.1 சதவீதம்? அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 10 கிலோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் 20 கிராம் சால்டர் போயிருக்கிறது என்று வையுங்கள். அதில் காரீயம் 8 கிராம். மொத்த எடையில் கணக்கிட்டால் 0.08 சதவீதம், வரம்புக்குள் வந்துவிட்டது என்று நிம்மதியாகி விடுகிறோம். கணக்கு சரி, கேள்விதான் தப்பு. பிரித்தெடுக்கக்கூடிய ஒவ்வொரு சீரான பொருளையும் தனித்தனியாக எடைபோடச் சொல்கிறது விதி. சால்டர் ஒரு பொருள், ஒயரின் மேலுறை ஒரு பொருள், திருகின் மேல்பூச்சு இன்னொரு பொருள். அந்தச் சால்டரில் காரீயம் 40 சதவீதம் இருக்கிறது, அதாவது வரம்பைப் போல 400 மடங்கு.

காரீயமில்லாத சால்டருக்கு மாறியவர்களும் பாதி வழியில் தவறுகிறார்கள். காரீயம் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும். வெள்ளி, செம்பு கலந்த புதுக் கம்பிக்கு 217 டிகிரி தாண்ட வேண்டும். பற்று மங்கலாகத்தான் தெரியும், அது அதன் இயல்பு. பளபளப்பு இல்லையே என்று பழைய கம்பியால் மேலே ஒரு தொடு தொட்டால் அந்தப் பற்றே கெட்டது. இரண்டுக்கும் ஒரே அயர்ன் முனையை வைத்துக்கொள்வதும் அப்படித்தான்.

அப்புறம், மஞ்சளாக மின்னும் திருகுகள். துத்தநாகப் பூச்சின் மேல் அந்த நிறத்தைப் பெரும்பாலும் ஆறிணைதிறக் குரோமியமே தந்துவந்தது. வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள். மலிவு பிவிசி ஒயரையும் நம்பிவிடாதீர்கள், அதன் உறையிலும் காரீயம் சேர்ப்பது உண்டு. எக்ஸ்ரே கருவி வைத்துச் சோதித்தாலும் மொத்தக் குரோமியம், மொத்த புரோமின் அளவுதான் கிடைக்கும். எந்த வகை என்று அறிய வேதிச் சோதனை வேண்டும்.

சீனத்துச் சர்க்யூட் பலகையில் ஆரஞ்சு வட்டத்துக்குள் 10 என்று போட்டிருந்தால் அதைத் தரச்சான்று என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே வரம்புக்கு மேல் நச்சுப்பொருள் இருக்கிறது, 10 ஆண்டுவரை வெளியே கசியாது என்பதே அதன் பொருள். வரம்பு தாண்டாததற்கு அடையாளம் பச்சை வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில 'e'. குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம், கழிவை வீட்டுக் குப்பையோடு போடாதே என்பது மட்டும்தான்.

குறு நிறுவனங்களுக்கு விதி பொருந்தாது என்பது உண்மைதான், அதை வைத்துச் சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பாகத்தை வாங்கித் தன் கருவியில் பொருத்தும் பெரிய நிறுவனத்துக்கு அது பொருந்தும். அவர்கள் உறுதிமொழித் தாள் கேட்பார்கள்.

கடைசியாக, என் மனசைப் பிசைகிற ஒன்று. சால்டர் வைப்பவர்கள், புகைதான் காரீயம் என்று எண்ணி ஃபேனை மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் புகை, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பிளக்ஸினுடையது. அதுவும் மூச்சுக்குழலுக்கு ஆகாது, ஃபேன் வேண்டும்தான். ஆனால் சால்டர் வைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை, விரலில் ஒட்டி உள்ளே போகிறது. பதினோரு மணி டீயோடு வரும் வடையை அதே மேசையில், அதே கையால் சாப்பிடுகிறார்கள் வேலை பார்க்கும் பிள்ளைகள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் சோப்பும் வைத்துக்கொடுங்கள்.