இயற்பியல் புரிந்ததா, மனப்பாடமா? 9, 10-ஆம் வகுப்புக்குக் கருத்துத் தேர்வு தயாரிக்கும் முறை

‘5 கிலோகிராம் நிறையுள்ள பொருளுக்கு 2 மீ/வி² முடுக்கம் தரத் தேவையான விசை எவ்வளவு?’ என்று கேட்டால், படிக்கிற பிள்ளைகள் யோசிக்காமல் 10 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம், ‘கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன பிறகு, அது ஓடும் திசையில் அதன்மேல் என்ன விசை இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘விரல் தந்த விசை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்’ என்று பலர் சொல்வார்கள். முதல் கேள்வி பெருக்கலைச் சோதிக்கிறது. இரண்டாவதுதான் நியூட்டன் விதியைச் சோதிக்கிறது. இரண்டாவது வகைத் தேர்வை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இங்கே.

ஒரு தேர்வுக்கு ஒரே ஒரு பாடம் போதும். 40 நிமிடப் பாடவேளையில் 12 கேள்விகளுக்கு மேல் வைக்காதீர்கள். கேள்விக்கு 2 நிமிடம் போனால் மிச்சமிருக்கும் 16 நிமிடம் கலந்து பேச வேண்டும். 12 கேள்வி என்றால் 12 கருத்து அல்ல, 6 கருத்து. ஒவ்வொன்றையும் இரண்டு வெவ்வேறு சூழலில் கேட்க வேண்டும். ஒன்றில் சரி, மற்றதில் தவறு என்றால் அந்த மாணவர் ஊகித்திருக்கிறார் அல்லது எடுத்துக்காட்டை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார். இயக்க விதிகள் பாடத்துக்கு இந்த ஆறை எடுக்கலாம்: ஓடிக்கொண்டிருக்க விசை தேவையில்லை; திசைவேகம் சுழி என்றால் விசையும் சுழி என்று பொருளில்லை; சீரான திசைவேகத்தில் நிகர விசை சுழி; செயல் விசையும் எதிர்விசையும் சமம், ஆனால் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுகின்றன; நிறை வேறு, எடை வேறு; காற்றுத்தடை இல்லையென்றால் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும்.

தவறான விடைகளை மாணவர்களிடமே வாங்குங்கள்

தேர்வின் உயிர் தவறான விடைகளில்தான் இருக்கிறது. ஆசிரியர் தானாக யோசித்து எழுதும் தவறான விடைகள் பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுக்காதவை. அதனால் முதலில் விடைத் தெரிவுகள் இல்லாமல், கேள்வியை மட்டும் இன்னொரு பிரிவு மாணவர்களிடம் கொடுங்கள். அரைத்தாள், பத்து நிமிடம், பெயர் எழுத வேண்டாம், ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். தாள்களைக் காரணம் பார்த்துப் பிரித்தால் மூன்று நான்கு குவியல்தான் வரும். பெரிய மூன்று குவியல்களே உங்கள் தவறான விடைகள். சொற்களையும் அவர்கள் எழுதியபடியே விடுங்கள். பாடநூல் நடைக்கு மாற்றினால் அது தன் எண்ணம்தான் என்று மாணவருக்குத் தெரியாது.

இப்படி உருவான ஒரு கேள்வி:

ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். காற்றுத்தடை இல்லை. மிக உயரமான புள்ளியில் பந்தின்மேல் செயல்படும் விசை எது?
அ) எதுவும் இல்லை, பந்து அங்கே நின்றுவிடுகிறது
ஆ) மேல்நோக்கிய விசையும் புவியீர்ப்பு விசையும் சமமாக இருக்கின்றன
இ) புவியீர்ப்பு விசை மட்டும்
ஈ) கை தந்த விசை தீர்ந்துபோய், இனிமேல்தான் புவியீர்ப்பு தொடங்கும்

‘அ’ எழுதியவருக்குத் திசைவேகமும் விசையும் குழம்பியிருக்கின்றன. ‘ஆ’, ‘ஈ’ இரண்டுமே கை தந்த விசை பந்துக்குள் தங்கியிருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து வருபவை. ‘அ’ எழுதியவருக்கும் இவர்களுக்கும் ஒரே விளக்கம் உதவாது. தவறான விடையைப் பார்த்தவுடனே அடுத்து என்ன கற்பிக்க வேண்டும் என்று தெரியவில்லையென்றால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடலாம்.

பாடநூல் எடுத்துக்காட்டை அப்படியே வைக்காதீர்கள். பிரேக் பிடித்தால் பயணிகள் முன்னால் சாய்வது நிலைமத்தால் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். மாறாக, நேரான சாலையில் சீரான வேகத்தில் போகும் பேருந்துக்குள் நாணயத்தைச் செங்குத்தாகச் சுண்டினால் எங்கே விழும் என்று கேளுங்கள். கையிலேயே விழும். ‘பின்னால் விழும்’ என்பவருக்கு நிலைமம் இன்னும் பிடிபடவில்லை. ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘பொருந்தாதது எது’ போன்றவை வேண்டாம். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சுற்றுக் கேள்விகள்

இங்கேதான் கேள்வி எழுதுபவரே அதிகம் சறுக்குகிறார். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. எது பிரகாசமாக எரியும்? நேர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு என்பவர், மின்னோட்டத்தை முதல் பல்பு பாதி ‘சாப்பிட்டுவிடுகிறது’ என்று நினைக்கிறார். எதிர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது என்பவரும் அதையே நினைக்கிறார்; எலக்ட்ரான் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இரண்டு தெரிவுமே தாளில் இருக்க வேண்டும்.

செய்து காட்ட 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு இரண்டும், 1.5 வோல்ட் செல் இரண்டும் போதும். வெளிச்சம் மங்கலாக இருக்கும், ஆனால் தெரியும். ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகளும் சற்று வேறுபட்டு எரியலாம். உடனே ‘பார்த்தீங்களா சார்!’ என்பார்கள். இடம் மாற்றிப் போடுங்கள். பிரகாசமாக எரிந்த பல்பு எங்கே போனாலும் பிரகாசமாகத்தான் எரியும். வேறுபாடு பல்பில், இடத்தில் அல்ல. எல்.இ.டி. வைத்து இதைச் செய்யாதீர்கள். திருப்பிப் போட்டால் எரியாது, வெள்ளை நிறத்துக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். தொடரில் இரண்டு போட்டால் இந்த இரண்டு செல்லில் எரியவே எரியாது.

‘பக்க இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் என்னவாகும்?’ என்ற கேள்வியில் ‘மின்கலத்துக்கு உள்மின்தடை இல்லை’ என்று கட்டாயம் எழுதுங்கள். பழைய செல்லில் முதல் பல்பு உண்மையிலேயே மங்கும். அதைக் கண்ணால் பார்த்த மாணவர் ‘மங்கும்’ என்று எழுதினால் அவருக்குச் சுழி போடுவது அநியாயம். அதேபோல், தொடரில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் மின்னோட்டம் சரிபாதி ஆகுமா என்று கேட்காதீர்கள். இழை சூடு குறைந்தால் மின்தடையும் குறைவதால், பாதிக்கு மேலேயே இருக்கும். ‘கூடுமா, குறையுமா’ என்பதோடு நிறுத்துங்கள்.

முதலில் எழுத்து, பிறகு சோதனை

ஒளியியலுக்கு ஒரு லென்சு போதும். 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சிலிருந்து 30 செ.மீ.யில் மெழுகுவத்தி, மறுபுறம் 30 செ.மீ.யில் திரை. தலைகீழான, அதே அளவு பிம்பம் விழும். லென்சின் மேல்பாதியைக் கறுப்புத்தாளால் மூடினால் என்னவாகும் என்று எழுதி வாங்கிய பிறகே மூடிக் காட்டுங்கள். பிம்பம் முழுதாக இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். தாள் லென்சை ஒட்டியே இருக்க வேண்டும். மெழுகுவத்திப் பக்கம் நகர்ந்தால் சுடரையே மறைத்து பிம்பத்தை வெட்டிவிடும், தவறாக எழுதியவர் தான் சரி என்று நம்பிவிடுவார்.

திருத்தும்போது

மதிப்பெண் கூட்டுவதற்கு முன், கேள்விவாரியாக ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுங்கள். நான்கு தெரிவில் ஊகத்திலேயே 40 பேரில் 10 பேர் சரியாக எழுதுவார்கள். 11, 12 பேர் சரி என்றால் வகுப்புக்குத் தெரியவில்லை என்றே பொருள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் வழி நம் வகுப்புக்கும் பொருந்தும்: சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி எழுதவையுங்கள். அதற்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும், மேலே என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு நகரலாம்.

கேள்வியே தவறா என்று பார்க்க, மொத்த மதிப்பெண்ணில் முதல் 11 பேரையும் கடைசி 11 பேரையும் எடுங்கள் (40-ல் 27 விழுக்காடு). முதல் குழுவில் சரியாக எழுதியோர் எண்ணிக்கையிலிருந்து கடைசிக் குழுவின் எண்ணிக்கையைக் கழித்து 11-ஆல் வகுங்கள். 0.2-க்குக் கீழே வந்தால் சொற்களைச் சரிபாருங்கள். எதிர்க்குறி வந்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள்.

இந்த மதிப்பெண்ணை ரேங்க் கார்டில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் மாணவர் தான் நினைப்பதை எழுதாமல் நீங்கள் எதிர்பார்ப்பதை எழுதுவார். கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அதே ஆறு கருத்துகளை வேறு சூழலில் கேளுங்கள்: பந்துக்குப் பதில் ஊஞ்சலின் உச்சம், கேரமுக்குப் பதில் உதைத்துவிட்ட கால்பந்து. முன்தேர்வின் சராசரி நூற்றுக்கு 35, பின்தேர்வில் 61 என்றால், கூடியது 26, கூடியிருக்கக்கூடியது 65. வகுத்தால் 0.4. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் இயக்கவியலுக்கு இப்படிக் கணக்கிட்டபோது, ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளின் சராசரி 0.48.