மேக்ரோவால் ஷீட்டைப் புதிய ஒர்க்புக்குக்கு நகலெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, கம்பம், கூடலூர் பக்கத்து ஏலக்காய்க் கடைகளின் எக்செல் கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பார்ட்டி விவரத்துக்கு ஒரு ஷீட், கிரேடு வாரியாக விலைக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, மாதச் சுருக்கத்துக்கு ஒன்று. மாத முடிவில் கேரளப் பக்கத்து வண்டன்மேட்டுத் தோட்டத்துக்கும் குமுளி வியாபாரிக்கும் அவரவர் ஷீட்டைத் தனிக் கோப்பாக்கி அனுப்ப வேண்டும். இருபது முப்பது பார்ட்டி என்றால் கையால் முடிகிற வேலையில்லை, எக்செலுக்குள் எழுதும் சிறு நிரலான மேக்ரோதான். (கட்டளைகளைப் படிக்க எளிதாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம், மேக்ரோவில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.) ஓட்டினால் பிழை எதுவும் காட்டாமல் ஓடியும் விடும். கோளாறு தெரிவது கோப்பு மலையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் திறக்கும்போதுதான்.

இரண்டாவது வரியில் நிற்கும் மேக்ரோ

ஷீட்டின் காப்பி கட்டளைக்கு பிஃபோர், ஆஃப்டர் என்று இடம் எதுவும் சொல்லாவிட்டால், எக்செல் தானாகவே புதிய ஒர்க்புக் (எக்செல் கோப்பு) ஒன்றைத் திறந்து அந்த ஷீட்டை அதில் வைக்கும். அந்த நொடி முதல் ஆக்டிவ் ஒர்க்புக் புதியதுதான். அடுத்த வரியில் வெறுமனே ஷீட்ஸ்("பில்") என்று எழுதியிருந்தால் எக்செல் புதிய கோப்பில் போய் பில் ஷீட்டைத் தேடும். அங்கே இல்லை. ரன்டைம் எரர் 9, சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச். பெயரில் எழுத்துப்பிழையோ என்று அரை நாள் தேடுவார்கள். பெயர் சரிதான், தேடிய இடம்தான் தப்பு.

எந்த ஒர்க்புக் என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லிவிடுங்கள். மேக்ரோ குடியிருக்கும் கோப்பு திஸ்ஒர்க்புக். காப்பி நடந்த மறுவரியிலேயே புதிய கோப்பை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள்: செட் புதுகோப்பு = ஆக்டிவ்ஒர்க்புக். அதற்குப் பிறகு ஆக்டிவ் என்ற சொல்லே வேண்டாம். காப்பி கட்டளை எதையும் திருப்பித் தராது. ஆகவே செட் புதுகோப்பு = ஷீட்.காப்பி என்று ஒரே வரியில் எழுதினால் பிழைதான் வரும். மேக்ரோவை, எக்செலோடு தானே திறக்கும் பெர்சனல் ஒர்க்புக்கில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே திஸ்ஒர்க்புக் என்பது அந்த பெர்சனல் கோப்பையே குறிக்கும், உங்கள் பில் கோப்பை அல்ல.

ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து ஓடும் ஃபார் ஈச் சுழற்சிக்குள் காப்பியை வெறுமனே போட்டால் பத்து ஷீட்டுக்குப் பத்து புதிய ஒர்க்புக் திறந்து நிற்கும். எல்லாம் ஒரே கோப்பில் வேண்டுமென்றால் முதல் ஷீட்டை மட்டும் வெறுமனே காப்பி செய்து, மற்றவற்றுக்கு ஆஃப்டர் கொடுத்து அதே கோப்பின் கடைசி ஷீட்டைக் காட்டுங்கள். ஒர்க்புக்ஸ்.ஆட் போட்டுத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வெற்று ஷீட் மிஞ்சும். எக்செல் 2010 வரை அது மூன்றாக இருந்தது. மறக்காமல் நீக்க வேண்டும்.

பழைய கோப்பை விட்டுப் பிரியாத ஃபார்முலா

இந்த வேலையில் அதிக சேதம் செய்வது இதுதான். பில் ஷீட்டில் ஒரு கட்டத்தில் (செல்லில்) =விலை!C5 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லை மட்டும் நகலெடுத்தால் புதிய கோப்பில் அதே கட்டம், பழைய கோப்பின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்த்துக்கொண்டு அங்கிருந்தே விலையை வாங்கும். இதுதான் லிங்க். கண்ணுக்கு எண் சரியாகத்தான் தெரியும். குமுளியில் திறக்கும்போது லிங்க்கை அப்டேட் செய்யவா என்ற கேள்வி வரும். கோப்பு அங்கே இல்லாததால் அப்டேட் ஆகாது, பழைய எண்ணே நிற்கும். அதைவிட மோசமானது உங்கள் சொந்தக் கணினியில் நடக்கும். போன மாத பில்லைத் திறந்து அப்டேட் கொடுத்தால், அதற்குள் மாற்றியிருக்கும் இந்த மாத விலை அதில் வந்து உட்கார்ந்துவிடும். அனுப்பிய பில் ஒரு தொகை, கையில் இருக்கும் நகல் வேறு தொகை.

பில்லும் விலையும் இரண்டுமே போக வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக நகலெடுக்காதீர்கள். இரண்டு பெயரையும் அர்ரே என்ற பட்டியலில் வைத்து ஒரே காப்பியில் எடுத்தால், அவற்றுக்கிடையேயான ஃபார்முலாக்கள் புதிய கோப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளும். பழைய கோப்பின் பெயர் நுழையாது. இந்த ஒரு மாற்றமே பாதி லிங்க் தொல்லையைத் தீர்த்துவிடும்.

ஆனால் அந்த ஷீட்டுகளில் எதிலாவது டேபிள் இருந்தால் இந்த வழி அடைபடும். டேபிள் உள்ள ஷீட்டைக் கூட்டாக நகலெடுக்க எக்செல் விடாது. கன்ட்ரோல் டி (Ctrl+T) போட்டு உருவாக்கிய டேபிளைத்தான் சொல்கிறோம். அப்போது ஒவ்வொன்றாக நகலெடுத்து, புதிய கோப்பைச் சேமித்துவிட்டு, சேஞ்ச்லிங்க் கட்டளையில் பழைய கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து அதற்குப் பதில் புதிய கோப்பின் முழுப் பாதையையே கொடுங்கள். லிங்க் தன்னையே சுட்டிக்கொண்டு சாதாரண ஃபார்முலாவாகிவிடும். ஷீட்டுகள் நிறைய என்றால் வேறு வழி எளிது: சேவ்காப்பிஆஸ் கொண்டு முழுக் கோப்பையும் நகலெடுத்து, நகலைத் திறந்து, வேண்டாத ஷீட்டுகளை நீக்குவது. நீக்கும் முன் அவற்றை நம்பியிருக்கும் கட்டங்களை மதிப்பாக (ஃபார்முலா இல்லாமல் விடை மட்டும்) மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெஃப் (#REF!) பிழை வரிசையாக வரும். சேவ்காப்பிஆஸ் கோப்பு வகையை மாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்ட்டிக்கு அனுப்பும் கோப்பில் ஃபார்முலாவே இருக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. மதிப்பாக மாற்றி அனுப்புங்கள். அந்த மாற்றத்தில்தான் அடுத்த பள்ளம்.

0908 எப்படி 908 ஆகிறது

யூஸ்டுரேஞ்ச்.வேல்யூ = யூஸ்டுரேஞ்ச்.வேல்யூ என்ற ஒற்றை வரியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஷீட்டில் பயன்பட்ட கட்டங்கள் எல்லாவற்றிலும் ஃபார்முலாவுக்குப் பதில் மதிப்பை எழுதும் வரி அது. எண்களுக்குப் பெரும்பாலும் சரிதான். எழுத்தாக வைத்திருக்கும் எண்களுக்கு ஆகாது. ஜெனரல் வடிவத்தில் உள்ள கட்டத்தில் 0908 என்ற எழுத்துச் சரத்தை மேக்ரோ எழுதினால், கையால் தட்டச்சிட்டது போலவே எக்செல் அதை எண்ணாகப் படித்துக்கொள்ளும். பொருளின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் குறியீடு ஏலக்காய்க்கு 0908. பார்ட்டி விவரத்திலிருந்து விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில் வந்து ஜெனரல் கட்டத்தில் நிற்கும் அந்த 0908, இந்த வரி ஓடியதும் 908 ஆகிவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு இதைவிடப் பெரிய சேதம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் காக்கும். 16 இலக்கக் கணக்கு எண் எழுத்தாக இருந்து எண்ணானால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். அதற்குப் பிறகு வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் தொலைந்த இலக்கம் திரும்பாது. அதைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வடிவமும் உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32. லெஃப்ட் ஃபார்முலாவால் அதைப் பிரித்து ஒரு பத்தியில் வைத்து, பில்லில் அந்தக் கட்டம் "33" என்றால் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5, இல்லையென்றால் வெளிமாநிலத்துக்கான ஐஜிஎஸ்டி 5 சதவீதம் என்று இஃப் எழுதியிருப்பார்கள். பார்ட்டி ஷீட்டை மட்டும் மேற்சொன்ன வரியால் மதிப்பாக்கினால் அந்த எழுத்து 33 எண் 33 ஆகிவிடும். எழுத்தும் எண்ணும் எக்செலுக்குச் சமமல்ல. தேனி பார்ட்டிக்கும் ஐஜிஎஸ்டி விழும். மொத்தத் தொகை மாறாததால் யார் கண்ணிலும் படாது.

இதற்கு பேஸ்ட்ஸ்பெஷலில் வேல்யூஸ் பயன்படுத்துங்கள். அது எழுத்தை எழுத்தாகவே விடும். ஃபில்டர் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஃபில்டரில் காப்பி தெரியும் வரிசைகளை மட்டுமே பிடிக்கும். ஷீட்டுக்குப் பதில் ரேஞ்சை மட்டும் நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்குப் பத்தி அகலமும் பிரிண்ட் அமைப்பும் வராது. அகலத்தைத் தனியாக ஒட்ட வேண்டும், பேஜ் செட்டப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். பில் மாதிரி அச்செடுக்கும் தாளுக்கு ஷீட்டையே நகலெடுப்பதுதான் நல்லது.

தமிழ்ப் பெயர்கள்

ஷீட் தாவலில் தமிழிலோ மலையாளத்திலோ பெயர் வைக்க எக்செலில் தடையில்லை. ஆனால் மேக்ரோ எழுதும் எடிட்டர், தமிழ் எழுத்துகளுக்குத் தேவையான யுனிகோட் முறையை அறியாதது. அங்கே ஷீட்ஸ்("விலை") என்று ஒட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் நிற்கும், எரர் 9 வரும். செய்தி காட்டும் எம்எஸ்ஜிபாக்ஸிலும் தமிழ் கேள்விக்குறிதான். கோப்பைத் தேடும் டிர் கட்டளை தமிழ்க் கோப்புப் பெயர்களைப் படிக்காது, ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் படிக்கும்.

ஆகவே ஷீட்டை அதன் கோட்நேமால் கூப்பிடுங்கள். எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்கு வெளியே ஷீட்3 என்று நிற்பது அதுதான். யாராவது தாவலின் பெயரை மாற்றினாலும் மேக்ரோ தடுமாறாது. அர்ரேக்குள்ளும் ஷீட்3.நேம், ஷீட்5.நேம் என்று கொடுக்கலாம். புதிய தமிழ்ப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதை ஒரு கட்டத்தில் எழுதி வைத்து மேக்ரோ அங்கிருந்து படிக்கட்டும்.

பெயரின் நீளம் 31 குறிகளுக்கு மேல் போகக்கூடாது. தமிழில் இந்த 31 நாம் எண்ணும் எழுத்தல்ல. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். போடிநாயக்கனூர் நமக்கு 8 எழுத்து, எக்செலுக்கு 14. 'போடிநாயக்கனூர் வண்டன்மேடு செப்டம்பர்' என்பது 20 எழுத்தும் 2 இடைவெளியும்தான், ஆனால் எண்ணிக்கை 36. எரர் 1004. லெஃப்ட் போட்டு 31-இல் வெட்டினால் புள்ளி பறிபோன அரைச்சொல் மிஞ்சலாம். நீளப் பெயருள்ள இரண்டு பார்ட்டி வெட்டியபின் ஒரே பெயராகவும் ஆகலாம். பார்ட்டிக்குக் குறுங்குறியீடு ஒன்று வைத்துக்கொள்வதே மேல். பில் எண்ணையே பெயராக வைக்கிறவர்கள், சாய்கோட்டை (/) கழித்துவிட வேண்டும். ஜிஎஸ்டி பில் எண்ணில் சாய்கோடு அனுமதி, ஷீட் பெயரிலும் கோப்புப் பெயரிலும் அனுமதியில்லை.

சேமிக்கும் இடத்தில்

சேவ்ஆஸில் பெயரோடு ஃபைல்ஃபார்மேட் எண்ணையும் கொடுங்கள். மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 51, மேக்ரோ உள்ள எக்ஸ்எல்எஸ்எம் 52. ஷீட்டின் சொந்த மாட்யூலில் (நிரல் எழுதும் பக்கத்தில்) எழுதிய நிரல் ஷீட்டோடு சேர்ந்தே போகும். பொது மாட்யூலில் இருப்பது போகாது. 51-இல் சேமித்தால் போன நிரலும் உதிர்ந்துவிடும், பார்ட்டிக்கு அனுப்ப அதுவே வேண்டியது. ஷீட்டில் பட்டன் இருந்தால் நீக்கிவிடுங்கள். அது பழைய கோப்பின் மேக்ரோவையே சுட்டிக்கொண்டிருக்கும்.

எக்செலின் எச்சரிக்கைக் கேள்விகளைக் காட்டும் டிஸ்ப்ளேஅலர்ட்ஸை மேக்ரோவின் தொடக்கத்திலேயே அணைத்து வைப்பது கெட்ட பழக்கம். அதே பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் கேட்காமல் மேலெழுதிவிடும். சேவ்ஆஸுக்கு ஒரு வரி முன் அணைத்து, ஒரு வரி பின் போடுங்கள். அதோடு, பிழையைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்டும் சேர்ந்தால் தொலைந்தது. காப்பி தோற்கும், ஆக்டிவ்ஒர்க்புக் பழையதாகவே இருக்கும், அடுத்து வரும் குளோஸ் உங்கள் மூலக் கோப்பையே சேமிக்காமல் மூடிவிடும். பிழை வந்தால் ஒரு லேபிளுக்குத் தாவச் செய்து, மேக்ரோவில் மாற்றியிருந்த எனேபிள்ஈவென்ட்ஸ், கால்குலேஷன் இரண்டையும் அங்கே பழையபடி ஆக்குங்கள். மேக்ரோ முடிந்தால் டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் தானே திரும்பிவிடும், இந்த இரண்டும் திரும்பாது.

கோப்புறை ஒன்டிரைவில் இருந்தால் பாத் என்பது இணைய முகவரியாக வரக்கூடும். அதை நம்பி டிர், கோப்புறை உருவாக்கும் எம்கேடிர் எழுதாதீர்கள். மெனுவால் வெளிக்காட்ட முடியாதபடி மறைத்த வெரிஹிடன் ஷீட்டை நகலெடுக்கும் முன் அதை வெளிக்காட்ட வேண்டும். ஒர்க்புக் அமைப்பு பூட்டியிருந்தாலும் காப்பி நடக்காது, முதலில் பூட்டைத் திறக்க வேண்டும்.

கூடவே போய்விடும் ரகசியம்

மாதச் சுருக்கத்தை பிவோட் டேபிளாக வைத்திருப்பீர்கள். ஒரு பார்ட்டிக்கு மட்டும் ஃபில்டர் செய்து அந்த ஷீட்டை நகலெடுத்து அனுப்பினால், பிவோட்டின் கேஷ் (cache), அதாவது உள்ளே சேமித்திருக்கும் மூலத் தரவின் நகல், முழுவதும் சேர்ந்தே போகும். வாங்கியவர் ஃபில்டரை எடுத்துவிட்டு மொத்தத் தொகையின் மீது இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால், எல்லாப் பார்ட்டியின் கிலோவும் விலையும் புதிய ஷீட்டில் வரிசையாக விரியும். கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசத்துக்குப் பேரம் நடக்கும் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. பிவோட் உள்ள ஷீட்டை அப்படியே அனுப்பவே கூடாது. மதிப்பும் வடிவமும் மட்டும் புதிய ஷீட்டில் ஒட்டி அனுப்ப வேண்டும். மறைத்து வைத்த வரிசை, பத்திகளுக்கும் இதே கதி. எக்செல் லிங்க்கோடு பழைய கோப்பிலிருந்து வாங்கிய மதிப்புகளையும் உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், லிங்க் மிஞ்சிய கோப்பிலும் தகவல் கசியும்.

லிங்க்கை அறுக்கும் பிரேக்லிங்க் கட்டளை போட்டாலும் சில லிங்க் சாகாது. கட்டத்தில் உள்ளவை மதிப்பாகிவிடும். நேம் மேனேஜரில் உள்ள பெயர், டேட்டா வேலிடேஷன் பட்டியல், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் ஆகியவற்றில் ஒளிந்திருப்பவை அப்படியே இருக்கும். மேக்ரோவில், லிங்க் எங்கெங்கே போகிறது என்று பட்டியல் தரும் லிங்க்சோர்சஸைக் கேளுங்கள். எம்ப்டி என்று வந்தால் சுத்தம். எம்ப்டி என்பதைச் சோதிக்காமல் நேரடியாகச் சுழற்சி ஓட்டினால், லிங்க் இல்லாத நல்ல கோப்பில்தான் பிழை வரும், அதனால் இஸ்எம்ப்டி சோதனை முதலில்.

அனுப்பும் முன், முதல் மாதமாவது, இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: புதிய கோப்பை மூடி, மூலக் கோப்பின் பெயரை மாற்றி, எக்செலை முழுவதும் மூடித் திறந்து, புதியதை மட்டும் திறங்கள். லிங்க் கேள்வி வருகிறதா, கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சரியா, ஹெச்எஸ்என் நான்கு இலக்கமாக நிற்கிறதா, தேனி பார்ட்டிக்கு சிஜிஎஸ்டி வரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகு மூலக் கோப்பின் பெயரைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.