ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்குக் கறுப்புப் பெயின்ட்: பிரிட்டனில் பலர் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு) ஆட ஆசைப்படும் புதியவர்கள் பலர் முதலில் வாங்குவது 'டூ-டோன்' துப்பாக்கி. பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலமோ பச்சையோ அடித்திருக்கும். வயது 18 ஆகியிருந்தால் போதும், கடைக்காரர் வேறெதுவும் கேட்க மாட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த நிறம் கண்ணை உறுத்தும். "என் காசில் வாங்கிய பொருள், என் வீட்டில் வைத்துக் கறுப்பு அடிக்கிறேன், யாருக்கு என்ன?" என்று ஸ்பிரே டப்பாவை எடுத்துவிடுவார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

வன்குற்றக் குறைப்புச் சட்டம் 2006-இன் 36-ஆம் பிரிவு, அசல் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியைத் தயாரிப்பதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் குற்றமாக்குகிறது. அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: சாதாரணப் போலித் துப்பாக்கியை அசல் போலத் தோன்றும்படி மாற்றுவதும் குற்றம். வெறுமனே வீட்டில் வைத்திருப்பது இந்தப் பிரிவில் வராது. குழப்பத்துக்குக் காரணமே அதுதான். 'வைத்திருக்கலாம்' என்பதை 'மாற்றலாம்' என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிரிவு பார்ப்பது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை.

பெயின்ட் அடிக்கவில்லை, சுரண்டித்தானே எடுத்தேன் என்பதும் செல்லாது. டூ-டோன் துப்பாக்கிகள் பல, கறுப்பு உடம்பின் மேல் நிறம் பூசி வருபவை. மேல்பூச்சை நீக்கினால் உள்ளே இருக்கும் அசல் தோற்றம் வெளியே வந்துவிடும். அதுவும் மாற்றம்தான். அசிட்டோன் தேய்த்தவர்களுக்குச் சட்டச் சிக்கலோடு இன்னொரு நஷ்டமும் சேரும். பல துப்பாக்கிகளின் உடம்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக் அசிட்டோனில் இளகிவிடும். பொறித்த எழுத்துகள் மழுங்கி, பிடியின் சொரசொரப்பு போய், பிசுபிசுவென்று ஆகிவிடும்.

அப்படியானால் யாருமே கறுப்பு அடிக்கக் கூடாதா? அடிக்கலாம், காரணம் இருந்தால். 2007-இல் வந்த விதிகள், மூன்றாம் தரப்புக் காப்பீடு உள்ள ஏர்சாஃப்ட் ஆட்டங்களுக்காகச் செய்யப்படுபவற்றுக்கு ஒரு தற்காப்பு வாதத்தை, அதாவது வழக்கு வந்தால் குற்றமில்லை என்று வாதிடும் வழியை, தருகின்றன. இங்கேதான் யூகாரா பற்றிய தவறான நம்பிக்கை வருகிறது. யூகாரா என்பது கடைக்காரர்கள் சங்கத்தின் பதிவு முறை, அரசு உரிமம் அல்ல. குறைந்தது இரண்டு மாதக் காலத்தில் பரவலாக மூன்று ஆட்டமாவது ஆடியவரைக் களத்தார் பதிவு செய்வார்கள். வாங்குபவர் உண்மையான ஆட்டக்காரர் என்று கடைக்காரர் காட்ட அது எளிய வழி. அந்த எண் இல்லாதவருக்குத் தற்காப்பே இல்லை என்பதும் சரியல்ல, எண் இருப்பதால் எதையும் செய்யலாம் என்பதும் சரியல்ல. தெளிவில்லாத இடம் இதுதான்: எப்போதாவது ஆடுபவர், பதிவு இல்லாதவர், ஆட்டத்துக்காகத்தான் நிறம் மாற்றினேன் என்கிறார். வாதம் உண்டு, ஆனால் ஆதாரத்தை அவர்தான் எடுத்து வைக்க வேண்டும். இன்னும் ஒரு களத்திலும் கால் வைக்காதவரிடம் எடுத்து வைக்க என்ன இருக்கும்?

அதனால் என் யோசனை, டூ-டோன் வாங்கிப் பிறகு கறுப்பு அடிக்கும் வழியே வேண்டாம். பல களங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். மூன்று ஆட்டம் ஆடி, பதிவு வந்ததும் கறுப்பையே வாங்குங்கள். காசும் மிச்சம்.

எவ்வளவு நிறம் இருந்தால் போதும் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. 51 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது வியாபார வழக்கம். சட்டம் பேசுவது 'முதன்மை நிறம்' பற்றி. அது பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது துப்பாக்கி கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும். ராணுவப் பச்சை கணக்கில் வராது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு முனையில் மட்டும் ஆரஞ்சு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அமெரிக்க விதி. பிரிட்டனில் அந்த முனை, கறுப்புத் துப்பாக்கியை டூ-டோன் ஆக்கிவிடாது. ஏற்கெனவே கறுப்பாக உள்ள துப்பாக்கிக்குக் காட்டுநிறக் கோலம் (கேமஃப்ளாஜ்) அடிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, அது முன்பும் அசல் போன்றதுதான்.

தெருவில் நிலைமை வேறு. நிறம் பளிச்சென்று இருப்பதால் வெளியே எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். துப்பாக்கிச் சட்டம் 1968-இன் 19-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எந்தப் போலித் துப்பாக்கியை வைத்திருந்தாலும் பொருந்தும். நீலமும் அதில் அடக்கம். 12 மாதம் வரை சிறை கிடைக்கலாம். மேகசினைக் கழற்றி, பூட்டிய பையில் வைத்து, களத்தின் முன்பதிவு மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நேராக வாருங்கள். வழியில் கடையில் இறங்கி நண்பனுக்குக் காட்டுவது வேண்டவே வேண்டாம். வீட்டுத் தோட்டம் பொது இடம் இல்லைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்? அவர் போன் செய்தால் ஆயுதம் தாங்கிய போலீஸ் வரும். அந்த நிமிடத்தில் உங்கள் பிள்ளையின் கையில் அது இருக்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஏமாறுவது இப்படி: 18 வயதுக்குக் கீழானவர் வாங்குவதும் அவருக்கு விற்பதும் குற்றம். பெற்றோர் வாங்கிப் பரிசாகக் கொடுப்பதை அந்தத் தடை தொடுவதில்லை. கொடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள். பையன் அறையில் உட்கார்ந்து கறுப்பு அடித்தால் 36-ஆம் பிரிவு அவனுக்கும் பொருந்தும்.

கடைசியாக, பழையதை விற்பது. கறுப்புத் துப்பாக்கியைத் தெரிந்தவருக்கே விற்றாலும் விற்பனை விற்பனைதான், 36-ஆம் பிரிவில் மாட்டுவது விற்றவர். வாங்குபவரின் யூகாரா எண்ணையோ, அவர் ஆடும் களத்தின் உறுப்பினர் சான்றையோ முதலில் கேளுங்கள். அதன் நகலையும் நடந்த உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். காட்ட மறுத்தால் விற்காதீர்கள். "நீயே நீலம் அடித்துக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடமும்தான்.