எல்லைப் பிரச்சினையில் ராணுவத்தின் பங்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தால்தான் ராணுவம் அரசியலில் தலையிடுகிறது என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. காஷ்மீரின் வடக்கே இந்தியாவும் பாகிஸ்தானும் உரிமை கோரும் சியாச்சின் பனியாற்றைப் பாருங்கள். 1984-ல் இந்தியப் படை அங்கே ஏறியது, 1989-ல் படைகளை அங்கிருந்து நகர்த்துவது பற்றி இரு நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர்களும் கூட்டறிக்கை விடும் அளவுக்குப் பேச்சு முன்னேறியது, அப்புறமும் பல சுற்றுப் பேசினார்கள், ஆனால் இன்றும் படைகள் அங்கேதான் நிற்கின்றன. தற்போது நிற்கும் நிலைகளை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திடாமல் இறங்கக் கூடாது என்பதில் இந்திய ராணுவம் உறுதியாக இருந்தது, பாகிஸ்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் காலி செய்த கார்கில் நிலைகளில் 1999-ல் எதிரி வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கவனியுங்கள், இங்கே யாரும் யாரையும் கவிழ்க்கவில்லை. "இது ஆபத்து" என்று ராணுவம் சொன்ன பிறகு அதை மீறிக் கையெழுத்துப் போட எந்தப் பிரதமரும் தயங்குவார், அவ்வளவுதான்.

அடுத்த தவறு, ஒரு நாட்டை ஒரே ஆளாக நினைத்துப் பேசுவது. 1931 செப்டம்பரில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில், முக்டென் நகர் அருகே ரயில் பாதையில் குண்டு வைத்துச் சீனர்கள் மேல் பழியைப் போட்டவர்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள். மோதலை விரிவாக்க மாட்டோம் என்று டோக்கியோவில் அமைச்சரவை சொல்லச் சொல்லப் படை முன்னேறிக்கொண்டே போனது, அடுத்த மார்ச்சில் மஞ்சுகோ என்று ஒரு பொம்மை நாடே உருவாகிவிட்டது. கார்கிலிலும் பிப்ரவரியில் லாகூரில் பிரதமர்கள் கைகுலுக்கினார்கள், மே மாதம் ஊடுருவல் தெரியவந்தது, அன்றைய பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபுக்கு எவ்வளவு தெரியும் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதனால் "பாகிஸ்தான் முடிவு செய்தது", "ஜப்பான் படையெடுத்தது" என்று படித்தால் உடனே, அங்கே யார் என்று கேளுங்கள்.

தளபதிகள் என்றால் நிலத்தைப் பிடிப்பவர்கள், சிவிலியன்கள் என்றால் சமாதானம் பேசுபவர்கள் என்ற கணக்கும் தப்பு. போர்ச்சுகலில் 1961 முதல் ஆப்பிரிக்கக் காலனிப் போர்களை விடாமல் நடத்தியது சிவிலியன் சர்வாதிகாரிகளின் அரசு. 1974 ஏப்ரலில் அதைக் கவிழ்த்தவர்கள் அந்தப் போரில் சலித்துப்போன இடைநிலைப் பதவியில் இருந்த ராணுவ அதிகாரிகள்தான், 1975 முடிவதற்குள் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றுவிட்டன.

ஜெனரல்கள் போனால் உரிமைக் கோரிக்கையும் போய்விடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி 1982 ஏப்ரலில் பிடித்து ஜூனில் இழந்தது, மறுவருடமே அந்த ஆட்சியும் முடிந்தது. ஆனால் அந்தக் கோரிக்கை 1833-லிருந்து வருவது. அதை "கைவிட முடியாதது" என்று 1994-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை.